தினமும் எதற்கு அந்த மாத்திரை?

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் பலரும் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி: "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, இன்னும் எதற்கு மாத்திரை?" நம் சங்க நண்பர் ஒருவரும் என்னிடம் கேட்டார். நான் டாக்டர் அல்ல. ரயில்வே சிக்னல் பிரிவில் ஓய்வு பெற்ற டிப்ளமா என்ஜினியர். விடையைத் தேடிப் படித்தபோது, அது எனக்குப் பழகிய சங்கதியாகவே இருந்தது.

நம் உடம்பில் கண்ணின் செல்லானாலும் தோலின் செல்லானாலும், உள்ளே இருப்பது ஏறக்குறைய அதே 20,000 ஜீன்கள்தான். எந்த ஜீனை எப்போது படிப்பது என்பதில்தான் வித்தியாசம். அதைத் தீர்மானிப்பவை 'டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபாக்டர்' எனப்படும் புரதங்கள். தமிழில் படியெடுப்புக் காரணி எனலாம். ஜீனின் வாசலில் அமர்ந்து, "இதைப் படி" என்று இவை உத்தரவு கொடுக்கின்றன.

வெள்ளணுக்களில் 'உதவி டி செல்' என்று ஒரு வகை உண்டு. அந்நியப் பொருளைக் கண்டதும் தானும் பெருகி, மற்ற செல்களையும் தாக்குதலுக்கு எழுப்பிவிடும். பிறர் தந்த சிறுநீரகமும் அதற்கு அந்நியம்தான்.

அது பெருகும் விதத்தைப் பாருங்கள். அந்நியப் புரதம் தட்டுப்பட்டதும் செல்லுக்குள் கால்சியம் உயர்கிறது. அது 'கால்சிநியூரின்' என்ற நொதியை முடுக்கிவிடுகிறது. உட்கருவுக்கு வெளியே, பாஸ்பேட் ஒட்டிய நிலையில் 'என்ஃபாட்' என்ற காரணி காத்திருக்கிறது. நொதி அந்த பாஸ்பேட்டுகளைக் கழற்றியதும், என்ஃபாட் உட்கருவுக்குள் நுழைந்து 'இன்டர்லூகின்-2' ஜீனின் வாசலில் அமர்கிறது. அந்த ஜீன் தரும் புரதம்தான் டி செல்லைப் பெருகச் சொல்லும் கட்டளை.

ஆனால் என்ஃபாட் மட்டும் வந்தால் போதாது. 'ஏபி-1' என்ற இன்னொரு காரணியும் பக்கத்தில் வந்து அமர வேண்டும். அதற்கு, அந்நியப் புரதத்தைக் காட்டும் செல் இரண்டாவதாக ஓர் ஒப்புதலும் தர வேண்டும். இதைப் படித்தபோது எங்கள் கேபின் இன்டர்லாக்கிங்தான் நினைவுக்கு வந்தது. பாயிண்ட் சரியாக அமைந்து பூட்டிக்கொண்டால்தான் சிக்னல் லீவர் அசையும். இங்கும் ஏபி-1 இல்லாமல் என்ஃபாட் தனியாக வந்தால், டி செல் பெருகுவதற்குப் பதில் அடங்கிவிடுகிறது.

வேலூர் சி.எம்.சி.யில் 1971-ல் சிறுநீரக மாற்று வெற்றிகரமாக நடந்தபோது சைக்ளோஸ்போரின் புழக்கத்தில் இல்லை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் டாக்டர் ராய் கான் 1978-ல் அதைச் சிறுநீரக நோயாளிகளுக்குக் கொடுத்தார். ஜப்பானின் சுகுபா மலைப்பகுதி மண்ணில் கிடைத்த நுண்ணுயிர் 1984-ல் டாக்ரோலிமஸைத் தந்தது. இரண்டும் கால்சிநியூரினைத்தான் மறிக்கின்றன என்பது 1991-ல்தான் தெரிந்தது. மருந்து முதலில் வந்தது, காரணம் பிறகு வந்தது!

நண்பரின் கேள்விக்கு விடையும் இதில்தான் இருக்கிறது. மாத்திரை ஜீனை மாற்றுவதில்லை. டி செல்லை அழிப்பதும் இல்லை. என்ஃபாட் உள்ளே போகும் வழியை மறித்து நிற்கிறது, அவ்வளவுதான். ரத்தத்தில் மருந்து குறைந்தால் வழி திறந்துவிடும். உடம்பு நன்றாக இருப்பதே வழி மூடியிருப்பதால்தான். மாத்திரையை நிறுத்தினால், பல வருஷம் ஒழுங்காக வேலை செய்த சிறுநீரகத்தையும் உடம்பு நிராகரிக்கக்கூடும்.

ஆகவே மாத்திரையை நேரம் தவறாமல் சாப்பிடுங்கள். மருந்தின் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில், ரத்தம் எடுத்த பிறகே காலை மாத்திரை. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ரத்தத்தில் இந்த மருந்தின் அளவைக் குறைத்துவிடும். பம்பளிமாஸ் இனப் பழங்கள் கூட்டிவிடலாம். வேறு எந்த மருந்து தொடங்கினாலும் முதலில் உங்கள் சிறுநீரக டாக்டரிடம் சொல்லுங்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருப்பதால், சாதாரணக் காய்ச்சல்தானே என்று வீட்டிலேயே இருந்துவிடவும் கூடாது.