விடை சரியா, வினா சரியா?

சென்ற கோடை விடுமுறையில், நம் பங்கின் குடும்ப விழாவையொட்டிப் பொது அறிவுப் போட்டி ஒன்றினை நடத்தினோம். குடும்பத்துக்கு மூவர் வீதம் கலந்துகொண்டனர். உலகப் புவியியலே போட்டியின் பொருள். வினாக்களைத் தொகுத்தவரும் நாமே, தீர்ப்பு வழங்கியவரும் நாமே. இறுதிச் சுற்றில் இரு குடும்பங்கள் சமமாக நின்றபோது, "கசகஸ்தான் நாட்டின் தலைநகர் எது?" என வினவினோம். எட்டாம் வகுப்பில் பயிலும் சிறுமி ஒருத்தி எழுந்து, "அஸ்தானா, சாமி" என்றாள். நம் கையிலிருந்த நூலோ 'நூர்சுல்தான்' என்றது. தவறு எனக் கூறி, வினாவை அடுத்த குடும்பத்தாரிடம் திருப்பினோம். அவர்கள் நூலில் உள்ளவாறே கூறினர். பரிசான எவர்சில்வர் குடம் அவர்கள் வீடு சென்றது. அச்சிறுமி மறுத்து ஒரு சொல்லும் கூறாது அமர்ந்துவிட்டாள்.

அன்றிரவு ஏதோ ஓர் ஐயம் நம்மை உறங்கவிடவில்லை. எழுந்து வேறு இரண்டு நூல்களைப் புரட்டிப் பார்த்தோம். சிறுமி கூறியதே சரி. தவறு செய்தவர் நாம்.

ஆண்டு சொல்லாத வினா

நிகழ்ந்தது இதுதான். கசகஸ்தானுக்கு 1997 வரை அல்மாட்டி தலைநகராயிருந்தது. அவ்வாண்டில் அரசு வடக்கேயுள்ள அக்மோலா நகருக்கு மாறிற்று. 1998-இல் அந்நகருக்கு அஸ்தானா எனப் பெயரிட்டனர்; அந்நாட்டு மொழியில் அச்சொல்லுக்குத் தலைநகர் என்பதே பொருள். 2019-இல், பதவி விலகிய முதல் குடியரசுத் தலைவரைச் சிறப்பிக்கும் வகையில் நூர்சுல்தான் எனப் பெயரை மாற்றினர். 2022-இல் மீண்டும் அஸ்தானா ஆக்கினர். நம் நூல் 2020-இல் அச்சானது. அச்சான அன்று அது பொய் சொல்லவில்லை. நாம்தான் அதன் வயதைப் பாராமல் நம்பிவிட்டோம்.

இத்தகைய வினாக்கள் பல. பர்மாவின் தலைநகர் இரங்கூன் என்றே நம் தலைமுறையினர் பள்ளியில் படித்தோம். மியன்மார் எனப் பெயர் மாறிய அந்நாட்டின் அரசு, 2005-இல் நேபிடோ எனும் புது நகருக்குக் குடிபெயரத் தொடங்கிற்று. அண்டையிலுள்ள இலங்கைக்குத் தலைநகர் கொழும்பு என இன்றும் பலர் விடை கூறுவர். ஆயின் அந்நாட்டின் பாராளுமன்றம் 1982 முதல் ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டேயில் கூடி வருகிறது. தென் சூடான் என்னும் நாடோ 2011 ஜூலை 9-ஆம் நாள் வரை உலகப் படத்திலேயே இல்லை. எனவே நாடு, நகர் பற்றிய வினாவில் 'இன்று' என்ற சொல்லோ, குறிப்பிட்ட ஓர் ஆண்டோ இருத்தல் வேண்டும்.

அளவை சொல்லாத வினா

"உலகிலேயே உயரமான மலை எது?" என்று கேட்டால், மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் எவரெஸ்ட் என்று கூறும். கடல் மட்டத்திலிருந்து அளந்தால் அது முற்றிலும் சரி. நேபாளமும் சீனமும் 2020-இல் கூட்டாக அறிவித்தபடி அதன் உயரம் 8,848.86 மீட்டர். ஆனால் அடிவாரத்திலிருந்து உச்சிவரை அளப்பதானால், ஹவாய்த் தீவிலுள்ள மவுனா கியா எவரெஸ்ட்டையும் விஞ்சும். கடலுக்கு மேல் 4,207 மீட்டரே தெரியும் அம்மலையின் பெரும்பகுதி நீருக்குள் மறைந்து கிடக்கிறது.

பூமியின் மையத்திலிருந்து அளந்தால் வேறொரு மலை முன்னே வரும். பூமி சரியான உருண்டை அன்று. நடுவே சற்றுப் பருத்தது. மையத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்குள்ள தூரம், துருவத்துக்குள்ள தூரத்தைவிட ஏறத்தாழ 21 கி.மீ. மிகுதி. ஆகவே நிலநடுக்கோட்டின் அருகே ஈக்வடார் நாட்டில் நிற்கும் சிம்போராசோ, கடல் மட்டத்திலிருந்து 6,263 மீட்டரே உயர்ந்திருப்பினும், அதன் உச்சி எவரெஸ்ட் உச்சியைவிட மையத்திலிருந்து சுமார் 2 கி.மீ. தள்ளியே உள்ளது.

ஒரே வினாவுக்கு மூன்று விடைகள், மூன்றும் மெய். இவ்வாறே உலகின் மிகப் பெரிய பாலைவனம் சகாரா என்போம். வெப்பப் பாலைவனங்களில் அது பெரிதே. ஆனால் மழையோ பனியோ மிகக் குறைவாய்ப் பெய்யும் நிலமே பாலைவனம் எனக் கொண்டால், பனி மூடிய அண்டார்க்டிகாவே முதலிடம் பெறும்.

படம் தரும் மயக்கம்

வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படங்களில் கிரீன்லாந்து ஏறத்தாழ ஆப்பிரிக்கா அளவுக்குத் தோன்றக் கண்டிருப்பீர்கள். உண்மையில் ஆப்பிரிக்கா அதனைப்போல் 14 மடங்கு பெரிது. இம்மயக்கம் 1569-இல் மெர்காட்டர் என்பவர் வரைந்த படமுறையால் விளைந்தது. திசை தவறாது கலம் செலுத்த மாலுமிகளுக்கு உதவவே அவர் அதனை வகுத்தார். அதற்கு அது சிறந்த கருவி. துருவங்களை நெருங்க நெருங்க நிலப்பரப்பைப் பெரிதாக்கிக் காட்டுவது அதற்கு அவர் கொடுத்த விலை. மாலுமிக்கென வரைந்த படத்தைக் கொண்டு பரப்பளவை மதிப்பிட்டால், குற்றம் படத்தினுடையது அன்று.

நம் மனத்திலும் ஒரு படம் உண்டு. அட்லாண்டிக் பெருங்கடல் அமெரிக்காவுக்குக் கிழக்கே, பசிபிக் மேற்கே என்பது அதில் பதிந்திருக்கிறது. அப்படியானால், பனாமாக் கால்வாய் வழியே அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக் செல்லும் கப்பல் எத்திசை நோக்கிப் போகும்? மேற்கு என்பீர்கள். உண்மையில் அது தென்கிழக்காகச் செல்கிறது! அவ்விடத்தில் நிலம் வளைந்து கிடப்பதால், கால்வாயின் பசிபிக் வாயில் அட்லாண்டிக் வாயிலுக்குக் கிழக்கே அமைந்துள்ளது. 1914-இல் திறக்கப்பட்ட அக்கால்வாயை ஒரு நல்ல படத்தில் விரல் வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும்.

நம் வாசலிலேயே

தொலைநாடுகளை விடுவோம். "இந்தியாவின் தென்கோடி எது?" எனக் கேட்டால், குமரிமுனை என்று உடனே விடை வரும். நிலப்பகுதியின் தென்கோடி அதுவே. ஆனால் தீவுகளையும் சேர்த்தால், பெரிய நிக்கோபார்த் தீவிலுள்ள இந்திரா முனையே தென்கோடி. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நம் கடற்கரைகளைக் கலங்கச் செய்த அதே நிலநடுக்கத்தில், அம்முனையின் நிலம் சில மீட்டர் தாழ்ந்து, அங்கிருந்த கலங்கரை விளக்கின் அடியைக் கடல்நீர் சூழ்ந்தது. நிலமே இடம் மாறும் உலகில், மனப்பாடம் செய்த விடை ஒன்று என்றென்றும் நிற்கும் என எண்ணலாமோ?

வீட்டில் செய்யத்தக்கது

இதனால் பொது அறிவுப் போட்டியே வேண்டா என்று கூற வரவில்லை. இரவு உணவுக்குப் பின் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பெற்றோரும் பிள்ளைகளும் அரைமணி நேரம் வினா விடையில் கழிப்பது மிக நன்று. ஆயினும் சில நெறிகளைக் கைக்கொள்ளுவோம். விடை நூலின் அச்சாண்டை முதலில் பாருங்கள். எந்த ஆண்டு, எந்த அளவை என்பதை வினாவிலேயே கூறுங்கள். எதிர்பாராத விடை வந்தால், தவறு என்னுமுன், "எதைக் கொண்டு இவ்வாறு கூறுகிறாய்?" எனக் கேளுங்கள். சரியான விடை வந்தாலும் 'ஏன்' என்று மேலும் ஒரு வினா எழுப்புங்கள். பெயரை மட்டும் அறிந்தவனுக்கு ஒரு மதிப்பெண் என்றால், காரணம் அறிந்தவனுக்கு இரண்டு கொடுக்கலாம்.

நாம் செய்த பிழைக்கு வருவோம். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும், நடந்ததை மக்கள் முன் எடுத்துரைத்து, அச்சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டு, அவள் குடும்பத்துக்கும் ஒரு குடம் வழங்கினோம். "சரியென்று தெரிந்திருந்தும் அன்றைக்கு ஏனம்மா சொல்லவில்லை?" என்று கேட்டோம். "சாமி கையில் புத்தகம் இருந்ததே!" என்றாள். அவ்விடை நம்மைச் சுட்டது. கையில் நூலோடு நிற்கும் பெரியவர்முன் பிள்ளை தன் அறிவையே ஐயுறுமாயின், நாம் நடத்தியது அறிவுப் போட்டி ஆகுமா? அன்றுமுதல் நம் பங்கில் ஒரு விதி உண்டு: தீர்ப்பை மறுத்துக் காரணம் கூற எந்தப் பிள்ளையும் கை உயர்த்தலாம்.

முடிக்குமுன் உங்கள் இல்லத்துக்கு ஒரு வினா. கடலை அடைய இரு நாட்டு எல்லைகளையேனும் கடந்தாக வேண்டிய நாடுகள் இன்று உலகில் இரண்டே. அவை எவை? லிக்டன்ஸ்டைன், உஸ்பெகிஸ்தான் என்று நூல்கள் கூறும். ஆனால் உஸ்பெகிஸ்தானின் அண்டை நாடுகளான கசகஸ்தானும் துர்க்மெனிஸ்தானும் காஸ்பியன் கரையில் உள்ளன. காஸ்பியன் என்பது கடலா, ஏரியா? இவ்வினாவுக்கு எத்தனை விடைகள் என்பதை இன்றிரவு உங்கள் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும்.