கேதாரத்துக்கு நாள் பார்க்கிறவர்களுக்கு...

சேத்தியாத்தோப்புக் கடைத்தெருவில் யாரையாவது நிறுத்தி, "வீராணத்தில் இன்று எத்தனை அடி?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் தயாராக இருக்கும். ஏரியின் முழு மட்டம் 47.50 அடி என்பது அந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு. அந்த அடிக் கணக்கு கடல் மட்டத்திலிருந்து எடுத்தது என்பதை மட்டும் அநேகம் பேர் யோசித்திருக்க மாட்டார்கள். ஏரி தளும்பி நிற்கும்போதே கடலுக்கு மேலே ஐம்பது அடி இல்லை என்றால், ஊர் எவ்வளவு தாழ்வான சமவெளி என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

இந்தச் சமவெளியிலிருந்து வருஷந்தோறும் சில குடும்பங்கள் 11,755 அடி உயரத்திலுள்ள கேதாரநாத்துக்குப் புறப்படுகின்றன. சிதம்பரத்துக்கோ விருத்தாசலத்துக்கோ பஸ்ஸில் போய் ரயிலேறி, சென்னை, டில்லி, ரிஷிகேசம் என்று போய், அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதையில் மோட்டாரில் குலுங்கி, சோன்பிரயாகில் இறங்கி ஜீப் பிடித்தால் கௌரிகுண்டம். மோட்டார் வண்டிக்கு அதுதான் எல்லை. அதற்கப்பால் சுமார் 16 கிலோமீட்டர், கால்நடையாகவோ, மட்டக்குதிரையிலோ, டோலியிலோ ஏற வேண்டும்.

ஐப்பசி அமாவாசையன்று கேதார கௌரி விரதம் இருந்து, இருபத்தோரு இழை நோன்புக் கயிறு கட்டிக்கொள்ளும் நம் வீட்டுப் பெண்களுக்கு, அந்தக் கௌரி தவமிருந்த இடம் என்று சொல்லப்படும் கௌரிகுண்டத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டுமென்ற ஆசை இருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் ஆசைக்கும் பிரயாணத்துக்கும் நடுவே நாள் பார்ப்பது என்று ஒரு காரியம் இருக்கிறது. நான் சொல்வது பஞ்சாங்கத்தை மட்டும் அல்ல.

கோயில் வருஷத்தில் ஏறக்குறைய ஆறு மாதம்தான் திறந்திருக்கும். திறக்கும் நாளை மகா சிவராத்திரியன்று உகீமடத்தில் அறிவிப்பார்கள். பெரும்பாலும் சித்திரையிலோ வைகாசித் தொடக்கத்திலோ வரும். மூடுவது தீபாவளியை அடுத்த துவிதியையன்று. பிறகு பனி மூடிவிடும். சுவாமி உகீமடத்துக்கு இறங்கிவிடுவார். இந்த ஆறு மாதத்திலும் ஆனி நடுவிலிருந்து ஆவணி முடியும்வரை மலையில் தென்மேற்குப் பருவமழை. ஆக மிஞ்சுவது இரண்டே துண்டு: வைகாசி முழுவதும் ஆனி முதல் சில நாட்களும் ஒன்று, புரட்டாசியிலிருந்து தீபாவளி வரை மற்றொன்று.

சொல்வது சுலபம். சேத்தியாத்தோப்புக் குடும்பத்துக்கு அதில் இருக்கிற சங்கடம் வேறு. வைகாசியில் பள்ளிக்கூட விடுமுறை, வயலிலும் வேலை இல்லை. அதனால் எல்லாரும் அப்போதுதான் புறப்படுகிறார்கள். வட இந்தியாவே அப்போதுதான் புறப்படுகிறது! கூட்டமோ கூட்டம். புரட்டாசி, ஐப்பசியில் மலை தெளிந்து, வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். ஆனால் அப்போது இங்கே சம்பா நடவு. ஐப்பசி பிறந்ததும் வடகிழக்குப் பருவமழை. மலையில் வெயிலடிக்கும்போது வெள்ளாற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். வீட்டில் வயதானவர்களையும் மாடு கன்றையும் விட்டுவிட்டு யார் மனநிம்மதியோடு மலையேறுவது? எனவே ஒரு யோசனை: விவசாயக் குடும்பத்துக்கு வைகாசியின் முற்பாதி நல்லது, பனி இருக்கும், குளிர் கடுமையாக இருக்கும், ஆனால் மழைக்கு இன்னும் நாள் இருக்கும். உத்தியோகக் குடும்பத்தார் லீவு எடுக்க முடிந்தால் புரட்டாசியை விடவே கூடாது.

"ஆனி பிறந்துதானே மழை? ஆனி முதல் வாரத்தில் போனால் என்ன?" என்று கேட்கலாம். 2013-ஆம் வருஷம் அப்படி நினைத்துப் போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். அந்த வருஷம் பருவமழை ஒரு மாதம் முந்திக்கொண்டு, ஜூன் 16-ந் தேதிக்குள் நாடு முழுவதையும் மூடிவிட்டது. ஆனி பிறந்து இரண்டாவது நாள் அது. மறுநாள் காலை கோயிலுக்கு மேலே இருந்த சோராபாரி ஏரி கரை உடைத்துக்கொண்டது. மந்தாகினி நதி, வழியிலிருந்த ராம்பாடா என்ற ஊரையே இல்லாமல் செய்துவிட்டது. உத்தராகண்டில் அந்த வெள்ளத்தில் மாண்டவர்கள் ஐயாயிரத்துக்கும் மேல். 2024-ஆம் வருஷம் ஜூலை 31-ந் தேதி இரவு மறுபடியும் பெருமழை கொட்டி, நடைபாதை பல இடங்களில் அறுந்தது. நடுவே அகப்பட்டுக்கொண்ட பதினாயிரத்துக்கும் அதிகமானோரைச் சில நாட்கள் பாடுபட்டு மீட்டார்கள்.

வெள்ளாற்றங்கரைக்காரர்களுக்கு இதன் சூட்சுமம் புதிதல்ல. கல்வராயன் மலைப் பக்கம் மழை கொட்டினால் இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே அணைக்கட்டில் செந்நீர் வந்து நிற்கும். தலைக்கு மேலே மேகம் இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. மலையுச்சியில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கேதாரத்திலும் அதே நியாயம்தான். என்ன, இங்கே பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும் தண்ணீர் அங்கே சில நிமிஷத்தில் வந்துவிடும்! மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வானிலை இலாகா கடலூருக்குப் புயல் எச்சரிக்கை கொடுக்கிறதே, அதே வர்ணங்களில் டேராடூன் நிலையம் ருத்திரபிரயாகை மாவட்டத்துக்கும் எச்சரிக்கை கொடுக்கிறது. ரிஷிகேசத்திலிருந்து கிளம்பும் முன்பும், குப்தகாசியிலும், கடைசியாக சோன்பிரயாகிலும் அதைப் பார்க்க வேண்டும்.

பார்த்துத்தான் என்ன? ஆரஞ்சு என்று தெரிந்தும் ஏறுகிறார்கள். காரணம் பக்தி என்று நினைப்பீர்கள். பல சமயங்களில் காரணம் திரும்பி வரும் ரயில் டிக்கெட்! டில்லியில் வெள்ளிக்கிழமை ரயில் என்றால் புதன்கிழமையே தரிசனம் முடிந்தாக வேண்டும், மழையாவது, காற்றாவது! ஒரு நாள் கூடப் பாக்கி வைக்காமல் போட்ட திட்டம், எதிரே ஆபத்து தெரிந்தாலும் மனிதரைப் பிடித்துத் தள்ளுகிறது. ஆகையால் செலவைப் பார்க்காமல் மூன்று நாள் சும்மா வைத்துக்கொள்ளுங்கள். மழை வந்தால் குப்தகாசியில் உட்கார்ந்திருக்க அந்த நாட்கள். வராவிட்டால் ஹரித்துவாரத்தில் கங்கைக் கரையில் கழியுங்கள், நஷ்டமில்லை.

சும்மா இருக்கும் நாட்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. எட்டாயிரம் அடிக்கு மேலே காற்று மெலிகிறது. கௌரிகுண்டம் 6,500 அடி. அங்கிருந்து ஒரே நாளில் ஐயாயிரம் அடிக்கு மேல் ஏறினால், நம் சமவெளி உடம்பு தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று புகார் செய்யும். குப்தகாசியில் ஓர் இரவு, கௌரிகுண்டத்தில் ஓர் இரவு தங்கி ஏறினால் ஓரளவு இசைந்து கொடுக்கும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சு தடுமாறினாலோ, அதற்கு மருந்து ஒன்றே ஒன்று: உடனே கீழே இறங்குவது. இரத்த அழுத்தம், இருதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் புறப்படும் முன்பே டாக்டரைக் கேட்பது அவசியம். உத்தராகண்ட் அரசாங்கத்திடம் பெயரைப் பதிவு செய்துகொள்வதும் கட்டாயம்.

உடை விஷயத்தில் ஒரு வார்த்தை. நூல் புடவை நனைந்தால் உலராது. உடம்புச் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். சல்வார் கமீசும், கம்பளிச் சட்டையும், முழங்காலுக்குக் கீழே இறங்கும் மழைக்கோட்டுமே உசிதம். குடை வேண்டாம், கை இரண்டும் கோலுக்கும் கம்பிக்கும் வேண்டியிருக்கும். குதிரைகள் வரும்போது மலைப்பக்கமாக ஒதுங்குங்கள், பள்ளத்தின் பக்கம் அல்ல.

எல்லாவற்றையும்விட முக்கியமான சம்பாஷணை ஒன்று வீட்டுக் கூடத்திலேயே, பெட்டி கட்டும் முன் நடந்துவிட வேண்டும். ஏறத்தாழ இப்படி:

"அத்தை, சோன்பிரயாகில் போக வேண்டாம்னு நிறுத்திட்டாங்கன்னா திரும்பிடணும். ஒத்துக்கிறீங்களா?"

"அவ்வளவு தூரம் போயிட்டுப் பார்க்காம வர்றதா? நல்லா இருக்கே!"

"சரி, உங்களுக்கு மூச்சு முட்டினா?"

"நான் கீழே உட்கார்ந்திருக்கேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

"உங்களைத் தனியா விட்டுட்டு நாங்க போகமாட்டோம், அத்தை."

இந்த வழக்கு கூடத்தில் தீர்ந்துவிட்டால் மலையில் தீர்க்க வேண்டியதில்லை. அங்கே, குளிரிலும் நெரிசலிலும், யாருடைய பேச்சும் யாருக்கும் ஏறாது.

திரும்புவதென்று ஆனாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம். சோன்பிரயாகிலிருந்து திரியுகிநாராயணத்துக்கு மோட்டார் பாதை இருக்கிறது. சிவனுக்கும் பார்வதிக்கும் கல்யாணம் நடந்த இடம் அதுதான் என்பார்கள். அவர்கள் வலம் வந்த அக்கினி என்று இன்றும் அணையாமல் காத்து வருகிறார்கள். உகீமடத்துக்கும் பாதை உண்டு. பனிக்காலத்தில் கேதாரேசுவரர் வந்து தங்கும் ஓங்காரேசுவரர் கோயில் அங்கேதான்.

இன்னொரு சமாசாரமும் அத்தையிடம் சொல்லலாம். காட்டுமன்னார்கோயிலுக்கு அருகே திருநாரையூரில் பிறந்த நம்பியாண்டார் நம்பி தொகுத்த தேவாரத்தில், திருக்கேதாரத்துக்கு ஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய பதிகங்கள் இருக்கின்றன. இருவரும் கேதாரத்துக்குப் போகவில்லை. காளத்தியிலிருந்தபடியே வடக்கு நோக்கிப் பாடினார்கள் என்கிறது பெரிய புராணம்.