அலுமினியப் படகு வாங்கப் போகிறீர்களா?

பாத்திரக் கடையில் ஒரு சாதாரண அலுமினியச் சட்டி வாங்குவதானாலும் நம் வீட்டுப் பெண்மணிகள் லேசில் ஏமாந்துவிட மாட்டார்கள். விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுவார்கள். விளிம்பை நெருடிப் பார்ப்பார்கள். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, எங்கேயாவது ஊசிமுனை வெளிச்சம் தெரிகிறதா என்று ஆராய்வார்கள். பிறகு, "கனமே இல்லையே ஐயா! ஊதினால் பறந்துவிடும் போலிருக்கிறதே!" என்று கடைக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அடுத்த சட்டியை எடுப்பார்கள்.

சட்டி ஓட்டையானால் குழம்புதான் போகும். படகு ஓட்டையானால் போவது குழம்பல்ல. ஆகையால், அந்தப் பாத்திரக் கடைச் சாமர்த்தியத்தில் பாதியையாவது படகுப் பட்டறைக்கும் எடுத்துச் செல்லுங்கள் என்று சொல்லவே இந்தக் கட்டுரை.

நீங்கள் மாதவரத்தில் வசிக்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். "மாதவரத்துக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்? அங்கே பால்பண்ணை அல்லவா பிரசித்தம்?" என்று கேட்பீர்கள். வாஸ்தவந்தான். ஆனாலும் மீன்வளப் பல்கலைக் கழகத்தின் வளாகம் ஒன்று அங்கேதான் இருக்கிறது. கிழக்கே ஏழெட்டுக் கிலோ மீட்டர் போனால் திருவொற்றியூர்க் கடல். உங்கள் மைத்துனர் எண்ணூர்ப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் பைபர் படகு வைத்துத் தொழில் செய்கிறார். படகு பழசாகிவிட்டது. ஒரு நாள் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "அத்தான்! அலுமினியத்தில் புதுப் படகு வந்திருக்கிறது. இருபத்திரண்டு அடி. நடுவிலே சுக்கான் மேடை. பின்னால் அறுபது குதிரைச் சக்தி என்ஜின். பாதிப் பணம் நீங்கள் போடுங்கள்; பாதி நான் போடுகிறேன்" என்கிறார். உங்கள் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கிறாள். அவளுடைய கை தன்னையறியாமல் கழுத்துச் சங்கிலிக்குப் போகிறது.

இனி யோசிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

இந்தக் கரையில் கட்டுமரத்திலிருந்து இன்றைய படகு வரை வந்த வழியைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தால் நல்லது. 1950-களில் உலக உணவு விவசாய நிறுவனம் பால் ஸீனர் போன்ற படகு நிபுணர்களை இந்தியாவுக்கு அனுப்பியது. "பாப்லோ" என்று பெயர் பெற்ற யந்திரப் படகுகள் அந்தக் காலத்தில்தான் சென்னைக் கடலில் இறங்கின. 1979-ல் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஆரம்பமாயிற்று. அலையைக் கடந்து மணலில் ஏறக்கூடிய படகுகளை அது கிழக்குக் கரையில் பரிசோதித்தது. பிறகு கண்ணாடி நார்ப் படகு, அதாவது நம் ஜனங்கள் "பைபர்" என்று சொல்வது, கட்டுமரத்தின் இடத்தை மெள்ள மெள்ளப் பிடித்துக் கொண்டது.

2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. போன படகுகளுக்குப் பதில் படகு கொடுக்க எல்லோரும் முன்வந்தார்கள். நல்ல காரியந்தான். ஆனால் அவசரத்தில் பட்டறைகள் புதிது புதிதாக முளைத்தன. மெல்லிய ஓடு, மிதவைப் பொருள் போதாத அடிவயிறு என்று பல படகுகளின் தரத்தைப் பற்றிப் பின்னால் கவலை எழுந்தது. தானமாக வந்த படகைத் தட்டிப் பார்க்க முடியாது. காசு கொடுத்து வாங்கும் படகைத் தட்டிப் பார்க்காவிட்டால் தப்பு நம்முடையது.

அலுமினியத்தில் கடற்படகா என்று மலைக்க வேண்டாம். எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியிலும் குஜராத்தில் ஹஜீராவிலும் உள்ள தளங்களில் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம் கடலோரக் காவற்படைக்காக 54 விரைவுப் படகுகளைக் கட்டிக் கொடுத்தது. அவற்றின் உடல் அலுமினியக் கலவை. அமெரிக்காவில் இரண்டாவது உலக யுத்தம் முடிகிற சமயத்தில், விமானம் செய்துகொண்டிருந்த கிரம்மன் கம்பெனி அலுமினியத் தோணி செய்ய ஆரம்பித்தது. அலாஸ்காவில் சாமன் மீன் பிடிப்பவர்களில் பலர் அலுமினியப் படகில் வலை இழுக்கிறார்கள். நம் நாட்டிலும் கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம், மரப் படகுகளின் அடிப்பாகத்துக்குச் செப்புத் தகட்டுக்குப் பதிலாக அலுமினிய-மக்னீசியக் கலவைத் தகட்டைப் போர்த்திச் சோதனை செய்திருக்கிறது.

ஆனால் அலுமினியம் என்றால் எல்லாம் ஒரே அலுமினியம் அல்ல. படகுக்கு வேண்டியது 5083 என்ற எண்ணுள்ள கலவை. இதில் நூற்றுக்கு நாலரைப் பங்கு போல மக்னீசியம் கலந்திருக்கும். உப்புத் தண்ணீர் இதை எளிதில் அரிப்பதில்லை. 5086, 5052 என்பவையும் இதே குடும்பந்தான். 6061 என்பது வேறு ஜாதி. குழாய், கம்பி, கைப்பிடிக்கு நல்லது. ஆனால் பற்றவைத்த இடத்தில் அதன் பலம் வெகுவாகக் குறைந்துவிடும். தகடு வாங்கிய ஆலையின் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் நம்பிக்கை ஸார்!" என்று விற்பவர் சிரித்தால் நீங்களும் சிரித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

அடித்தகட்டின் கனம் 5 மில்லி மீட்டர், பக்கத் தகடு 4 மில்லி மீட்டர் இருந்தால் இருபத்திரண்டு அடிப் படகுக்குத் திருப்தி என்பது என் அபிப்பிராயம். மூன்று மில்லி மீட்டர்த் தகட்டை ஆணி தறைந்து இணைத்த படகுகளும் விற்கின்றன. அவை ஏரிக்கு லாயக்கு. ரெட்டேரியில் சவாரி போவதென்றால் நானே சிபாரிசு செய்வேன். கடல் அலை நாள் முழுவதும் அடித்தால் ஆணிகள் தளர்ந்து, ஒவ்வொன்றும் ஒரு சிறு ஊற்றாகிவிடும்.

மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும்

பற்றவைப்பைச் சோதிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. காசு செலவில்லை. சந்தேகமான இணைப்பின் வெளிப்புறத்தில் சுண்ணாம்பை நீரில் குழைத்துப் பூசிக் காயவிடுங்கள். உட்புறத்தில் மண்ணெண்ணெயைத் தடவுங்கள். கொஞ்ச நேரம் கழித்து வந்து பாருங்கள். எங்கேயாவது தலைமயிர் அளவு விரிசல் இருந்தாலும் எண்ணெய் ஊடுருவி வந்து வெள்ளைச் சுண்ணாம்பில் கறை காட்டிக் கொடுத்துவிடும்! முக்கியமாக ஏராவும் வங்குகளும் சேருகிற இடங்களையும், என்ஜினைத் தாங்கும் பின்பலகையின் மூலைகளையும் பாருங்கள். என்ஜின் அதிர்ச்சி முழுவதும் அங்கேதான் வந்து சேருகிறது.

பிறகு ஒரு பருத்தித் துணியை எடுத்துப் படகின் விளிம்பு முழுவதும் இழுத்துக்கொண்டே நடந்து வாருங்கள். எங்கே நூல் சிக்குகிறதோ அங்கே நாளைக்கு வலையும் சிக்கும். நூறு மீட்டர் வலை ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பிசிறில் மாட்டினால், கிழிவது வலையோடு நிற்காது. பக்கத்தில் நிற்பவரின் காலையும் இழுத்துக்கொண்டு போகும்.

தளத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். மிதவைக்காக நுரைப் பொருள் அடைத்திருப்பார்கள். படகு முழுக்கத் தண்ணீர் நிறைந்தாலும் அமிழாமல் ஆட்களைத் தாங்க வேண்டியது அதுதான். ஆனால் தண்ணீரைக் குடிக்கிற நுரையாக இருந்தால் இரட்டை நஷ்டம். மிதவையும் போய்விடும், ஈர நுரை ஒட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் காற்றுப் படாமல் தகடு உள்ளிருந்தே அரித்துப் போகும். ஒரு துண்டு நுரையை வாங்கி, வீட்டில் வாளித் தண்ணீரில் கல்லைக் கட்டி இரண்டு நாள் அமுக்கி வைத்து, முன்னும் பின்னும் எடை போட்டுப் பாருங்கள். உங்கள் மனைவிக்கு இந்தப் பரீட்சை மிகவும் பிடிக்கும்.

நடுவிலே ஒரு மேடை

இப்போது மைத்துனர் பரவசப்பட்ட விஷயத்துக்கு வருவோம். படகின் மத்தியில் மார்பளவு உயரத்தில் ஒரு மேடை; அதில் சுக்கான் சக்கரம், வேகப் பிடி, ஆழங்காட்டி, திசைகாட்டி எல்லாம். ஓட்டுகிறவர் நின்றுகொண்டே முன்னாலும் பின்னாலும் பார்க்கலாம். பார்வைக்கு வெகு லட்சணம்!

இந்த அமைப்பு யாருக்காக ஏற்பட்டது தெரியுமா? அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறவர்களுக்காக. பெரிய மீன் மாட்டிக்கொண்டு படகைச் சுற்றிச் சுற்றி ஓடும். தூண்டில்காரரும் விளிம்போரமாகச் சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். அதற்கு நடுவில் மேடை, நாலு பக்கமும் வழி. மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடு.

நம் குப்பத்துப் படகில் நடுப்பகுதியில் என்ன இருக்கும்? வலை இருக்கும்! குவியல் குவியலாக வலை, மிதவை, ஈயக் குண்டு, ஐஸ் பெட்டி. நாலு பேர் நின்று வலை இழுக்கிற இடத்தில் மேடையை நட்டுவைத்தால், கல்யாணப் பந்தியின் நடுவில் பீரோவை வைத்த கதைதான். ஆகவே வலைத் தொழிலுக்கென்றால் மேடையைப் பின்புறம் தள்ளி, ஒரு பக்கமாக அமைத்துத் தரச் சொல்லுங்கள். வஞ்சிரத்துக்கும் சூரைக்கும் தூண்டில் போடுகிறவரானால் நடு மேடை இருந்துவிட்டுப் போகட்டும், சௌகரியமாகவே இருக்கும்.

அடிப்பாகத்தின் வடிவத்தையும் கவனியுங்கள். கத்தி போலக் கூர்மையாக இருந்தால் அலையைக் கிழித்துக்கொண்டு மெத்தென்று போகும். ஆனால் நின்று வலை இழுக்கும்போது தொட்டிலாக ஆடும். மணலில் ஏற்றினால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். சென்னைத் துறைமுகம் ஏற்பட்ட நாளிலிருந்து அதற்குத் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே ராயபுரத்திலிருந்து கடல் கரையை அரித்துக்கொண்டே வந்தது. அரிப்பைத் தடுக்கப் பல இடங்களில் பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். பைபர் படகு கல்லில் மோதினால் பொத்துக்கொள்ளும். அலுமினியம் பெரும்பாலும் நெளிந்து கொடுக்கும். இந்த ஒரு விஷயத்தில் அலுமினியத்துக்கே என் ஓட்டு.

ஆனால் நெளிந்த பிறகு? பைபர் படகைக் கரையிலேயே வைத்து, பிசினும் நார்ப்பாயும் ஒட்டி இரண்டே நாளில் மீண்டும் கடலில் இறக்கிவிடுவார்கள். அலுமினியத்துக்கு ஆர்கான் வாயு வைத்துப் பற்றவைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். கடற்காற்றில் அந்த வேலை நடக்காது. வாயுவைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். படகை லாரியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். மாதவரம் லாரிகளுக்குப் பேர்போன இடம் என்பதால் அந்தக் கவலை உங்களுக்குக் கொஞ்சம் குறைவு.

எண்ணெய்க் கணக்கைப் பார்த்தீர்களா? கரையிலிருந்து பதினைந்து கடல் மைல் போய்த் திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் குதிரைச் சக்தி டீசல் என்ஜின் பூட்டிய பைபர் படகு மணிக்கு ஆறு மைல் போகும்; ஐந்து மணி நேரம், சுமார் பத்து லிட்டர் டீசல். அறுபது குதிரைச் சக்தி என்ஜின் நிதானமான வேகத்தில் மணிக்கு இருபது மைல் போனால் ஒன்றரை மணி நேரந்தான். ஆனால் பதினெட்டு லிட்டர் போலப் பெட்ரோல் குடிக்கும். மூன்றரை மணி நேரம் மிச்சம். மீன் முன்னதாகக் காசிமேட்டு ஏலத்துக்கு வந்து நல்ல விலை போனால் லாபம். மீன் கிடைக்காத நாளில்? அந்தப் பெட்ரோல் மைத்துனர் கணக்கிலா, உங்கள் கணக்கிலா என்பதைத் திண்ணையிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டு அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். சலவைச் சோடா போட்டுத் தேய்த்தாலும் கறுத்துவிடும். படகுக்கும் அதே சுபாவம். அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது; அதுதான் கவசம். அதற்குப் பரம வைரி செம்பு. உப்பு நீரில் செம்பும் அலுமினியமும் ஒட்டிக்கொண்டிருந்தால் செம்பு சௌக்கியமாக இருக்கும், அலுமினியம் கரைந்து போகும். ஆகையால் செம்பு கலந்த அடிச்சாயம் பூசக் கூடாது. பித்தளைக் குழாய் கூடாது. மந்திரத் தகடு பதிக்க விரும்பினால் தாராளமாகப் பதியுங்கள். ஆனால் செப்புத் தகட்டை நேரே ஆணியடிக்காமல் ஒரு மரப்பலகையில் பதித்து, மேடைக்குள் உலர்ந்த இடத்தில் மாட்டுங்கள். அடிப்பாகத்தில் துத்தநாகக் கட்டிகள் பொருத்தியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். படகுக்குப் பதிலாகத் தாங்கள் கரைந்து போவதற்கென்றே ஏற்பட்ட தியாகிகள் அவை. பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும்.

வெயிலையும் மறக்கக் கூடாது. அலுமினியம் வெப்பத்தைக் கடத்துவதில் பைபரைவிடப் பல நூறு மடங்கு கெட்டி. சித்திரை மாதத்து நடுப்பகலில் அந்தத் தளத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது. ஐஸ் பெட்டிக்குத் தடித்த உள்ளுறை இல்லாவிட்டால், கரைக்கு வருமுன் ஐஸ் தண்ணீராகிவிடும்.

சித்திரை என்றதும் நினைவுக்கு வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. இந்தப் புதுப் படகு எந்தப் பட்டியலில் சேரும், எப்படிப் பதிவு செய்வது என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் படகு சும்மா நின்றாலும் கடனுக்கு வட்டி நிற்காது.

ஆக, வாங்கலாமா, வேண்டாமா? துறைமுகத்துக்குள் கட்டி வைக்க வசதியிருந்து, தூண்டில் தொழிலும் செய்கிறவர் வாங்கலாம். குப்பத்து மணலில் ஏற்றி இறக்கி, வலையை நம்பிப் பிழைக்கிறவர் நல்ல கனமான பைபர் படகையே இன்னொரு முறை கட்டிக்கொள்வது உத்தமம். விற்கிற காலத்தில் அலுமினியத்துக்கு ஓர் அநுகூலம் உண்டு: எவ்வளவு பழசானாலும் காயலான் கடையில் எடைக்கு விலை கிடைக்கும். பழைய பைபர் படகை அங்கே எடுத்துப் போனால் கடைக்காரர் கதவைச் சாத்திக்கொள்வார்.

இவ்வளவுக்கும் பிறகு மைத்துனர் அலுமினியந்தான் என்று நின்றால், ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். விற்பவர் விடியற்காலையில் கூப்பிடுவார். கடல் அப்போது தாம்பாளம் போல இருக்கும். நீங்கள் பிற்பகல் மூன்று மணிக்கு, கடற்காற்று எழுந்த பிறகு வருகிறோம் என்று சொல்லுங்கள். வெறும் படகில் போகாதீர்கள். வலை, ஐஸ், நாலு ஆள், நிறைந்த எண்ணெய்த் தொட்டி எல்லாம் ஏற்றுங்கள். சக்கரத்தை விற்பவர் பிடிக்கக் கூடாது, மைத்துனர் பிடிக்கட்டும். வெளியே போய் என்ஜினை நிறுத்திவிட்டு, நாலு பேரும் பின்புறம் வந்து நில்லுங்கள். தளத்தில் விழும் நீர் வெளியேறுவதற்கென்று வைத்த துவாரங்கள் வழியே கடல் உள்ளே வருகிறதா என்று பாருங்கள். வந்தால், அந்தப் படகில் ஒரு பெரிய மழையோடு வலையையும் சேர்த்து இழுக்க முடியாது. திரும்பிக் கரைக்கு வந்ததும் தளப்பலகையின் திருகுகளைக் கழற்றச் சொல்லி, அடிவயிற்றை ஒரு காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துப் பிழிந்து பாருங்கள். உப்புக் கரித்தால் முன்பணத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் புறப்படுங்கள்.