விண்வெளி உடையும் கதிர்வீச்சும்

பென்னாகரத்துக் கோடை வெயிலுக்கு நாம் குடை பிடிக்கிறோம். தலையில் துண்டு போடுகிறோம். ஆனால் விண்ணிலிருந்து இரவும் பகலும் பொழியும் வேறொரு கதிர்வீச்சுக்கு நாம் குடை தேடுவதில்லை. நம் தலைக்குமேல் உள்ள காற்று, ஏறத்தாழ 10 மீட்டர் ஆழமுள்ள தண்ணீருக்கு நிகரான கனமுடையது. அதுவும் பூமியின் காந்தப் புலமுமே நமக்குக் குடை.

இக்குடையைக் கடந்து செல்லும் விண்வெளி வீரரின் நிலை என்ன? அவர் அணியும் தடித்த உடை யாவற்றையும் தடுக்கும் எனப் பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. உயிர்க்காற்றை உள்ளே நிறுத்துவதும், வெப்பத்தையும் குளிரையும் தாங்குவதுமே அதன் தலையாய பணிகள். ஆற்றல் மிக்க துகள்கள் அதனை எளிதில் ஊடுருவும். எக்ஸ்ரே அறையில் உதவும் ஈயமும் இங்கு ஏற்றதன்று. விரைந்து வரும் துகள்கள் ஈய அணுக்களில் மோதிப் புதிய துகள்களைப் பிறப்பிக்கும். ஹைட்ரஜன் மிகுந்த தண்ணீரும் பாலிதீனுமே மேலான தடுப்புகள்.

1972 ஆகஸ்டில் சூரியனில் பெரும் புயல் ஒன்று எழுந்தது. அப்பல்லோ 16 ஏப்ரலில் திரும்பியிருந்தது. அப்பல்லோ 17 டிசம்பரில்தான் புறப்பட்டது. அவ்வேளையில் எவரேனும் வெறும் உடையோடு நிலவில் நின்றிருந்தால், கடும் நோய்க்கு ஆளாகியிருப்பர் என்பது அறிஞர் கணிப்பு.

ஆகவே, மனிதருக்கு முன்பாக மாதிரி உருவங்கள் அனுப்பப்படுகின்றன. 'மாத்ரியோஷ்கா' என்னும் உருவம், விண்வெளி உடைக்கு ஒப்பான உறையணிந்து, 2004 முதல் 2005 வரை பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்கு வெளியே வைக்கப்பட்டது. அதனுள் ஆயிரக்கணக்கான அளவிகள் இருந்தன. தோலில் படும் அளவைவிட உள்ளுறுப்புகளை அடையும் அளவு வெகு குறைவு என அது காட்டியது. உடலின் தசையே உள்ளுறுப்புகளுக்கு ஒரு கவசம்! கணிப்பொறி போடும் கணக்குகள் இத்தகைய அளவுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படுகின்றன. 2022இல் ஆர்ட்டெமிஸ் 1 கலத்தில் ஹெல்கா, சோஹர் என்னும் இரு பெண் உருவங்கள் நிலவைச் சுற்றி வந்தன. சோஹர் மட்டுமே கவசச் சட்டை அணிந்திருந்தாள். இருவரின் அளவுகளையும் ஒப்பிட்டால் சட்டையின் பயன் விளங்கும் அல்லவா?

நம் நாட்டின் ககன்யான் பயணத்திற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட நால்வரின் பெயர்கள் 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டன. அவர்களுள் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும் ஒருவர். ஒவ்வொரு வீரருக்குப் பின்னும் ஒரு குடும்பம் காத்திருக்கிறது. அவர்களுக்கு உறுதியளிப்பது உடையின் தடிப்பு மட்டுமன்று. அனுப்புமுன் பொறுமையாக அளந்து பார்க்கும் அக்கறையே.