ஓவியத்தைப் பார்ப்போரைப் பார்த்தல்

பாடநூலில் ஓர் ஓவியத்தைக் காணும்போது நாம் அதனைத் தனியாகவே காண்கிறோம். அது தொங்கும் சுவரும் அதன் முன் நிற்கும் மனிதரும் அங்கு இல்லை. ஐந்து மீற்றர் உயர ஓவியமும் ஒரு சாண் ஓவியமும் தாளில் ஒரே அளவாகி விடுகின்றன. இவ்வாறு வெட்டி நீக்கப்பட்ட சூழலை மீண்டும் ஓவியத்தோடு சேர்த்துக் காட்டியவர்களுள் ஒருவர் தோமஸ் ஸ்ட்ரூத்.

1954இல் ஜேர்மனியில் பிறந்த இவர், டுசல்டோர்ஃப் கலைக் கல்லூரியில் முதலில் ஓவியமும் பின்னர் புகைப்படக் கலையும் பயின்றார். 1989 முதல் பெரிய கமராவுடன் நூதனசாலைகளுக்குச் சென்று, ஓவியங்களையும் அவற்றைப் பார்க்க வந்தவர்களையும் ஒரே சட்டத்துக்குள் படம்பிடித்தார். அவற்றைப் பெரிய அளவில் அச்சிட்டுக் காட்சிக்கு வைத்தார்.

பரிஸ் நகரின் லூவ்ர் நூதனசாலையில் 1989இல் எடுத்த படம் ஒன்றைக் கூறலாம். அதிலே உள்ளது ஜெரிக்கோ வரைந்த 'மெடூசாவின் தெப்பம்'. 1816இல் ஆபிரிக்கக் கரைக்கு அப்பால் மெடூசா என்ற பிரெஞ்சுக் கப்பல் தரைதட்டியது. ஏறக்குறைய 150 பேர் ஒரு தெப்பத்தில் கைவிடப்பட்டனர். 13 நாட்களின் பின் மீட்கப்பட்டபோது 15 பேரே உயிருடன் இருந்தனர். தொலைவில் தெரியும் கப்பலை நோக்கி அவர்கள் கையசைப்பதே ஓவியம். புகைப்படத்திலோ, அந்த ஓவியத்தின் கீழே பார்வையாளர் கூட்டம் நமக்கு முதுகு காட்டி நிற்கிறது. தெப்பத்து மனிதர் ஒரு கூட்டம், தரையில் நிற்போர் இன்னொரு கூட்டம். பிறருடைய துன்பத்தின் முன் நாம் எப்படி நிற்கிறோம் என்ற கேள்வி எனக்கு அங்கேதான் எழுந்தது. ஓவியம் மட்டும் அச்சான தாளில் அக்கேள்வி எனக்குத் தோன்றியதில்லை.

மற்றொரு படம் மெட்ரிட் நகரின் பிராடோ நூதனசாலையில் 2005இல் எடுக்கப்பட்டது. வெலாஸ்கெஸ் 1656இல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' ஓவியத்தின் முன் சீருடை அணிந்த மாணவியர் நிற்கின்றனர். ஓவியத்தின் நடுவில் ஐந்து வயது இளவரசி; அவளைச் சூழத் தோழியர். ஒரு பக்கத்தில் தூரிகையுடன் ஓவியர் நின்று நம்மையே நோக்குகிறார். பின்சுவர்க் கண்ணாடியில் அரசனும் அரசியும் தெரிகின்றனர். அதாவது, பார்ப்பவர் நிற்கும் இடம் அரசர் நின்றிருக்கக்கூடிய இடம். அந்த இடத்தில் இன்று பள்ளிச் சிறுமியர் நிற்பதை இப்புகைப்படம் காட்டுகிறது. 2007இல் பிராடோ, ஸ்ட்ரூத்தின் புகைப்படங்களைத் தன் பழைய ஓவியங்களுக்கிடையிலேயே மாட்டியது. ஓவியம் பார்க்க வந்தவர்கள், ஓவியம் பார்ப்பவர்களையும் அங்கு கண்டனர்.

"பிறர் வரைந்ததைப் படம்பிடிப்பதில் என்ன கலை இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். ஓவியத்தை மட்டும் படம்பிடித்திருந்தால் அக்கேள்வி நியாயமானதே. ஆனால் ஸ்ட்ரூத் படம்பிடித்தது ஓவியத்துக்கும் மனிதருக்கும் இடையிலுள்ள வெளியை. ஒருவர் நெருங்கி நிற்கிறார், ஒருவர் களைத்திருக்கிறார், ஒருவர் வேறெங்கோ பார்க்கிறார். கலைப்படைப்பு பழையதாயினும் அதனைக் காணும் கண் ஒவ்வொரு நாளும் புதியது என்பதை இப்படங்கள் சொல்கின்றன.

இன்று நாம் எதைக் கண்டாலும் முதலில் கைபேசியை உயர்த்துகிறோம். படம் சேமிக்கப்பட்டதும் பார்த்து முடித்துவிட்டதாக எண்ணுகிறோம். இறைவன் தந்த பார்வைக்கு இது போதுமான நன்றியாகுமா?

அன்பு மாணவியரே, அடுத்த முறை ஒரு கண்காட்சிக்குச் சென்றால் மூன்றைப் பாருங்கள்: படைப்பு, அது இருக்கும் இடம், அதன் முன் நிற்கும் மனிதர். பெற்றோரே, "சீக்கிரம் வா" என்று பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்கும் முன், அவள் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று ஒரு கணம் திரும்பிப் பாருங்கள்.