கன்னியாவுக்குக் கப்பலில் போகலாம்

புதுச்சேரியில் படகுச் சவாரி என்றாலே சுண்ணாம்பாறுதான். ஏறி உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் பாரடைஸ் பீச் வந்துவிடும். ஆனால் கப்பலேறினால் வெந்நீர் ஊற்றுக்கே போய்விடலாம். சுடச்சுட ஊற்றெடுக்கும் நீரில் குளிக்க ஆசைப்படுகிறவர்கள் இமயமலைப் பக்கம் மணிகரண்வரை போக வேண்டியதில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில் திருகோணமலைக்கு அருகில் கன்னியா இருக்கிறது.

காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் போனால் அங்கே கப்பல். 2023 அக்டோபர் 14 அன்று காங்கேசன்துறைக்குத் தொடங்கிய சேவை சில நாள்களில் நின்றுபோனது. 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ கப்பலோடு மீண்டும் தொடங்கியது. சுமார் 60 கடல் மைல். நான்கு மணி நேரம் போல ஆகும். அங்கிருந்து யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியா வழியாகத் திருகோணமலைக்குச் சாலைப் பயணம்.

திருகோணமலைத் துறைமுகத்துக்கும் புதுச்சேரிக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. புதுச்சேரியின் சஃப்ரன் தெருவுக்குப் பெயர் தந்த பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி, 1782 ஆகஸ்டில் ஆங்கிலேயரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றியவர்.

நகரிலிருந்து சில கிலோமீட்டரில் கன்னியா. தாழ்ந்த சுவர்களோடு ஏழு சதுரக் கிணறுகள். மூன்று, நான்கு அடிதான் ஆழம், அடித்தரை தெரிகிறது. யாரும் உள்ளே இறங்குவதில்லை. வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்கிறார்கள். ஒன்றில் வெதுவெதுப்பு, அடுத்ததில் சுள்ளென்ற சூடு. அதிகபட்சம் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும்.

இலங்கையில் எரிமலை கிடையாது. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. கீழே போகப்போக, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 25 டிகிரி வீதம் வெப்பம் கூடும். அங்கே காய்ந்த நீர், வேறு பிளவு கிடைத்தால் மேலே ஏறிவிடும். வழியில் எவ்வளவு குளிர்ந்த நிலத்தடி நீர் கலக்கிறதோ, அதைப் பொறுத்துச் சூடு குறையும்.

ஊர்க்காரர்கள் சொல்லும் காரணம் வேறு. தாய் இறந்த செய்தி கேட்ட இராவணன், ஈமக்கடனுக்கு நீர் வேண்டி ஏழு இடங்களில் வாளால் குத்தினான் என்கிறார்கள். அதனால்தான் திருகோணமலைத் தமிழர்கள் இறப்புக்குப் பின் 31-ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு இங்கே வருகிறார்கள். சுற்றுலா வந்தவர் சிரித்துக்கொண்டு குளிக்கும் இடத்திலேயே, தாயை இழந்தவரும் ஈரத்துணியோடு நிற்பார்.

இங்கிருந்த பிள்ளையார் கோயில் நிலத்தில் பௌத்த தூபி கட்டும் முயற்சியை எதிர்த்து 2019-இல் தமிழர்கள் திரண்டார்கள். விவகாரம் திருகோணமலை மேல் நீதிமன்றம்வரை போய், கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. எனவே, குளிக்கப் போகிறவர்கள் இது ஒரு சமூகம் தன் முன்னோரை நினைக்கும் இடம் என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

சோப்பும் ஷாம்பும் வேண்டாம், மாற்றுத்துணி போதும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கடல் கொந்தளிப்பால் கப்பல் நிற்கும். பாஸ்போர்ட்டையும் கப்பல் ஓடும் நாளையும் முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். திருகோணமலை நகரிலேயே இருக்கும் கோணேசர் கோயிலையும் பார்த்துவிடலாம்.