மாடிப்படி சொன்ன சேதி!

எனக்கு வயது 36. மொட்டை மாடியில் துணி காயப்போட ஏறினால் பாதிப் படியிலேயே மூச்சு வாங்கும். நெஞ்சு படபடவென்று அடித்துக் கொள்ளும். 'உடம்பு கனத்துப் போச்சு, வேறென்ன' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக் கொள்வேன். ஒருநாள் சமையலறையில் தலை சுற்றி உட்கார்ந்து விட்டேன். இதய நோய்தானோ என்று பயந்து போய் என் கணவர் டாக்டரிடம் அழைத்துப் போனார்.

டாக்டரம்மா கீழ் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 7.4 கிராம்தான் இருந்தது! பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாதாம், கர்ப்பிணிகளுக்கு 11. 'இத்தனை குறைஞ்சும் எப்படி டாக்டர் வீட்டு வேலையெல்லாம் பார்த்தேன்?' என்று கேட்டேன்.

'உங்க இதயம் உங்களுக்காக ஓவர் டைம் பார்த்திருக்கும்மா' என்று விளக்கினார். பிராணவாயுவைச் சுமப்பது ஹீமோகுளோபின். அது குறைந்தால், இதயம் வேகமாகத் துடித்து, ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தை அனுப்புகிறது. ரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கின்றன. ரத்தமும் நீர்த்திருப்பதால் சுலபமாக ஓடுகிறது. சோகை மெள்ள மெள்ள வரும்போது உடம்பு இப்படிப் பழகிக் கொள்வதால் நமக்குத் தெரிவதே இல்லை. ஆனால், கடுமையான சோகை நீடித்தால் இதயம் பெரிதாகி, களைத்து, செயலிழக்கவும் கூடுமாம்.

காரணம் என் வெட்கம்தான். மாதவிலக்கில் அதிகம் போவதை இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. போதாததற்கு, எல்லோரும் சாப்பிட்ட பின் மிச்சம் மீதியில் என் சாப்பாடு. சாப்பிட்டதும் ஒரு டம்ளர் டீ. சாப்பாட்டோடு குடிக்கும் டீ, இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாதாம்!

மாதவிலக்குக்குச் சிகிச்சையும், இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்தார். முருங்கைக்கீரை, கேழ்வரகு, கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக் கொண்டேன். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லி விட்டார். மூன்று மாதத்தில் 11.8 ஆனது. இப்போது துணிக்கூடையோடு ஒரே மூச்சில் மாடி ஏறுகிறேன். அளவு சரியான பிறகும் சில மாதங்கள் மாத்திரையை நிறுத்தக் கூடாதாம்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்குச் சோகை. சகோதரிகளே, மூச்சு வாங்கினால் வயதின் மேல் பழி போடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தப் பரிசோதனை செய்யலாம். நான் என் 14 வயது மகளுக்கும் பார்த்து விட்டேன்... அவளுக்கு 9.8!

– ஒரு வாசகி, கும்பகோணம்.